டேஷ் என்று படித்தவன்

நானும் என் நண்பனும் ஆங்கிலம் பழகியது மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்தின் படிக்கட்டில். இரண்டு குடும்பமும் அடையாற்றுக் கரையில் ஒரே சுவரை ஒட்டி வாழ்ந்தவை. குடிசைகளை எடுத்தபோது நண்பன் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே வீடு ஒதுக்கினார்கள். நாங்கள் மந்தைவெளியில் ஒரு வாடகை அறைக்கு வந்துவிட்டோம். இரண்டு வீட்டிலும் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர்கள் நாங்கள் மட்டும்தான்.

தி.நகரில் ஒரு பெரிய கடையில், போனில் வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. எழுத்துத் தேர்வு முழுக்கக் கோடிட்ட இடங்களை நிரப்புவதுதான் என்றார்கள். அந்த வேலை கிடைத்தால் அம்மா விடியற்காலையில் காசிமேட்டுக்குப் போய் மீன் எடுத்து வந்து விற்க வேண்டாம். அவள் முட்டி தேய்ந்துபோயிருந்தது.

ஞாயிறுதோறும் நண்பன் பஸ் மாறி மாறி வருவான். அவனுக்கென்று அம்மா சங்கரா மீன் வறுத்து வைப்பாள். தின்றுவிட்டுப் படிக்கட்டுக்குப் போவோம். ஒருவன் படிக்க வேண்டும், மற்றவன் நிரப்ப வேண்டும். கோடு வரும் இடத்தை ‘டேஷ்’ என்று படிப்போம். எங்கள் பள்ளியில் வாத்தியார்கள் முதல் எல்லாரும் அப்படித்தான் படிப்பார்கள்.

“ஷீ டேஷ் டு த மார்க்கெட் எவ்ரி டே” என்பான்.

“கோஸ்.”

“உங்கம்மா எங்க மச்சி போவுது, பறக்குது.”

அவனுக்கு ‘லுக் அட்’, ‘லுக் ஃபார்’ இரண்டும் குழம்பும். “தேடிக்கினு கீறியா, பாத்துக்கினு கீறியா, அத்த மொதல்ல யோசி” என்பேன். நாளாக ஆக எங்கள் பேச்சிலேயே ‘டேஷ்’ ஏறிவிட்டது. போன் செய்தால், “மச்சி, துன்னியா டேஷ்?” என்றுதான் ஆரம்பிப்பான்.

எழுத்துத் தேர்வில் இருவரும் தேறினோம். கடைசிச் சுற்றில் மிஞ்சிய சிலரை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்தார்கள். அதிகாரி ஆளுக்கொரு தாள் கொடுத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பச் சொன்னார். என் முறை முதலில் வந்தது.

“த கஸ்டமர் டேஷ் வெய்ட்டிங் சின்ஸ் மார்னிங்” என்று படித்துவிட்டு, “ஹேஸ் பீன்” என்றேன்.

விடை சரிதான். ஆனால் எதிரில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். “டேஷா? கோட்டையெல்லாமா வாய்விட்டுப் படிப்பாங்க? கஸ்டமர்கிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?” என்றார் அதிகாரி. எல்லாரும் சிரித்தார்கள். நான் நண்பனைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் இப்படித்தான் படிப்போம் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று நினைத்தேன். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

அதிகாரி அவன் பக்கம் திரும்பி, இருவரும் சேர்ந்து வந்தீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நோ சார். ஐ டோண்ட் நோ ஹிம். வீ ஜஸ்ட் மெட் டவுன்ஸ்டேர்ஸ்.”

ஒரு தடுமாற்றம் இல்லை. அவ்வளவு நீளமாக அவன் பிழையில்லாமல் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு தன் தாளைப் படித்தான். கோடு வந்த இடங்களில் ஒரு மூச்சு நின்றான், அடுத்து விடையைச் சொன்னான். டேஷ் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் விழுந்த பள்ளத்தைப் பார்த்துத் தாண்டிப் போனான்.

வேலை அவனுக்குக் கிடைத்தது.

பஸ் ஸ்டாப்பில் என் தோளில் கை போட்டான். “இன்னா மச்சி பண்ண சொல்ற? கூட வந்தவன்னு சொல்லிக்கினா என்னியும் சேத்து அனுப்பிருப்பான். என் எடத்துல நீ இருந்தாலும் அத்ததான் சொல்லிருப்ப.”

நான் சொல்லியிருக்க மாட்டேன். அவன் கையை எடுத்துவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறினேன்.

அடுத்த ஞாயிறும் அம்மா சங்கரா வறுத்து மூடி வைத்தாள்.

“இன்னாடா, அவன் இன்னும் வர்ல?”

“இனிமே வர மாட்டாம்மா.”

“வேல கெடச்சுதுன்னியே, வந்து ஒரு வார்த்த சொல்ல மாட்டானா?”

“சொல்ட்டான்” என்றேன்.

தட்டை என் பக்கம் நகர்த்தினாள். நான் அதைத் திரும்ப மூடி வைத்தேன். வேறொரு வேலைக்கான வினாத்தாளை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனேன். வாய்விட்டுத்தான் படித்தேன். கோடு வந்த இடத்தில் டேஷ் என்றேன், விடையையும் நானே சொல்லிக்கொண்டேன். ரயிலுக்கு ஏறிப் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கேள்வியையும் டேஷ் என்றே படித்தேன்.