அத்தையின் குதிகால்

அத்தைக்குப் பந்து விளையாடுவதற்காகவே வேலை கொடுத்திருந்தார்கள். எழுபதுகளில் எங்கள் ஆரியசாலைக் கடைத்தெருவில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அப்பாவின் மிளகாய்க் கடைக்கு வருகிறவர்கள், "பந்து களிச்சா ஆபீசுல சம்பளமா?" என்று கேட்பார்கள். ஆமாம், சம்பளம்தான். காலையில் ஆபீஸ், சாயங்காலம் கூடைப்பந்து மைதானம். எங்கள் தெருவில் அப்படி வேலைக்குப் போன முதல் பெண் என் அத்தை. இதற்கு யாராவது சிரித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒருநாள் நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பந்தும் கூடாது, வேலையும் கூடாது என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "அதுக்கென்ன" என்று அப்பா தலையாட்டிவிட்டார். அத்தையை யாரும் கேட்கவில்லை. அப்பாவின் கவலையெல்லாம் தங்கையின் உயரம்தான். உள்ளே வந்து, "முட்டுக்கால மடக்கி நில்லு, கேட்டியா. சேலைக்குள்ள ஆரு காணப்போறா?" என்று கிசுகிசுத்தார்.

"ரெண்டு பேரும் சேந்து நில்லுங்க, பொக்கம் பாப்போம்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. நின்றார்கள். மாப்பிள்ளையின் தலை அத்தையின் காதுக்குக் கீழே நின்றுவிட்டது. அப்பாவுக்கு முகம் வெளிறியது. தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளையான எனக்கு மட்டும் சேலைக்கு அடியில் நடப்பது தெரிந்தது. உயரத்தால் சம்பந்தம் தவறிவிடாமல் அத்தையை எப்படியாவது காப்பாற்ற வேண்டுமே.

"இது கள்ளக்களி, ஏமாத்து. அத்தை குதிகாலத் தூக்கியிருக்கு" என்று பள்ளிக்கூடத்து மலையாளத்தைக் கலந்து கத்தினேன்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அத்தை நிதானமாகக் குதிகாலை இறக்கினாள்.

"எறக்கினாலும் எனக்குத்தான் பொக்கம், அம்மா. பந்தை நான் விடமாட்டேன். அண்ணன் சொன்னது அண்ணனோட வாக்கு."

வந்தவர்கள் காப்பியைத் தொடாமல் எழுந்துபோனார்கள்.

அத்தை அதன்பிறகு பல வருஷங்கள் ஆடினாள், அணிக்குத் தலைவியும் ஆனாள். தம்பானூரில் ரயில் ஏறிப் போய்க் கோப்பைகளோடு திரும்பினாள். ஆட்டத்தை நிறுத்தியதும் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். அவர்களும் பந்தைக் காட்டியே வேலைக்குப் போனார்கள். மானம் போயிற்று என்று குதித்த அப்பா, பத்திரிகையில் வந்த அவள் படத்தைக் கடையில் மாட்டி, "என் தங்கச்சியாக்கும்" என்று வியாபாரிகளிடம் பீற்றிக்கொண்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆயிற்றா என்றுதான் இப்போதும் முதலில் கேட்கிறார்கள். அதை நான் சொல்வதாக இல்லை.

பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரே குழப்பம். நாங்கள் உயரம் பார்த்து விளையாடும்போது ஜெயிப்பதற்காகத்தான் குதிகாலைத் தூக்குவோம். தோற்றுப்போகும் இடத்தில் அத்தை ஏன் தூக்கினாள்? அவளும் ஜெயிக்கத்தான் தூக்கினாள் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.