பதினோராவது கண்ணாடி

அணுவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அதை வரைந்து காட்டுவதுதான் கிண்டி ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு உத்தியோகமாக இருந்தது. அடுத்தவர் உழைப்பைப் படியெடுத்தே காலம் தள்ளிய சகபாவிகளே, என் பாடு உங்களுக்காவது புரியும்.

கடையில்

மந்தைவெளியில் ஒரே அளவில் முப்பது கண்ணாடி வெட்டச் சொன்னேன். எதற்கு என்றார் கடைக்காரர். ரொட்டியைத் துண்டு போடுகிற மாதிரி ஒரு படிகத்தைக் கணக்கிலேயே அடுக்கடுக்காகப் பிரிப்பார்கள், ஒவ்வொரு அடுக்கையும் ஒரு கண்ணாடியில் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அடியில் விளக்கு வைத்தால் அணுக்கள் முழு உருவமாகத் தெரியும் என்று பெருமையாக அளந்தேன். அவர் தலைகூட நிமிரவில்லை.

"இம்மாம் படிச்சிட்டு, கடசில படம் வரைஞ்சிக்கினு கீறியா நைனா?"

மூடாத வளையம்

விசாலம் மயிலாப்பூரிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. படிகத்தின் வழியே வந்து எக்ஸ்ரே பிலிமில் விழுந்த ஆயிரக்கணக்கான புள்ளிகளின் கருமையைக் கண்ணாலேயே மதிப்பிட்டுக் கணக்குப் போட்டவள். ஆய்வேட்டைக் கொடுக்க மூன்றே மாதம் பாக்கி. அவள் கணக்கை வைத்து நான் வரைந்து அடுக்கிய கண்ணாடிகளில் எல்லாம் சரியாக வந்தது, அணுக்கள் கோத்த ஒரு வளையம் மட்டும் மூடவில்லை. அவளுடைய பேராசிரியர் குனிந்து பார்த்தார். புள்ளிகளை மறுபடி முதலிலிருந்து அளக்கச் சொன்னார்.

"கவனம் இல்லாதவங்களுக்கு இந்த வேலை சரிப்படாதும்மா."

மறுநாள்

தூசி துடைக்கும்போது கவனித்தேன். பதினோராவது கண்ணாடியை மட்டும் புறம் மாற்றிப் போட்டு வரைந்திருக்கிறேன். திருப்பி வைத்தேன், வளையம் மூடிக்கொண்டது. எனக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஆனாலும் சொல்லிவிடலாம் என்றுதான் அவள் மேஜைவரை போனேன். பிலிமை ஜன்னல் பக்கம் பிடித்துக்கொண்டு புள்ளி எண்ணிக்கொண்டிருந்தாள். ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"வெளிச்சத்தை மறைக்காதேள் சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளித்தான் போனேன், வெட்கங்கெட்டவன்.

முதல் பக்கம்

கண்ணில் நீர் வடிய வடிய ஒன்றரை மாதம் அளந்தாள். புது எண்களுக்கும் பழசுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. இந்தத் தடவை நான் ஒழுங்காக வரைந்தேன், வளையம் மூடியது. இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று பேராசிரியர் அவளை மெச்சினார். கடைசி நாள் ஆய்வேட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். முதல் பக்கத்தில், பிழையில்லாமல் வரைந்து தந்ததற்காக என் பெயரைப் போட்டு நன்றி சொல்லியிருந்தாள். இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தேன்.

"உங்க கையில ஒரு குத்தமும் இல்லே சார், என் கண்ணுதான் சரியாப் பாக்கலே."

அணு எங்கே இருக்கிறது என்று காட்டத்தான் எனக்குச் சம்பளம், தப்பு எங்கே இருக்கிறது என்று காட்ட அல்ல என்று சொல்லிக்கொண்டே ஓய்வு பெறும்வரை ஓட்டிவிட்டேன்.