பதினைந்துக்குப் பதினைந்து

மச்சானை எழுப்பாமலே எழுதினேன். மூன்று முறை. பதினைந்து, பதினைந்து, பதினைந்து!

உங்களுக்குப் புரியாது... சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் மிளகு மூட்டை இறக்கும்போது லாரியிலிருந்து விழுந்தார் என் அக்காவின் கணவர். தலையில் அடி. அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். துணைக்கு நான். மூளை, நரம்பு நோயாளிகளைக் கவனிக்கத் தனியாகப் படித்த நர்ஸ் அந்த வார்டில் ஒரே ஒருவர்தான், லிஸி சிஸ்டர். அரை மணிக்கு ஒருமுறை மச்சானை எழுப்புவார். கண் திறக்கிறாரா, பேச்சு தெளிவா, சொன்னபடி கையை அசைக்கிறாரா... மூன்றுக்கும் சேர்த்து மார்க். முழு மார்க் பதினைந்து.

“பேரெந்தா?”

“காலைல சொன்ன அதே பேருதான் சிஸ்டரே” என்று மச்சான் சலித்துக்கொள்வார்.

“நான் எட்டாங்கிளாஸ்ல எல்லாப் பாடத்துக்கும் சேர்த்தே இவ்ளோ வாங்கல மச்சான்!” என்பேன் நான்.

மூன்றாம் நாள் மதியம் லிஸி சிஸ்டரை ஐசியூவுக்கு இழுத்துக்கொண்டார்கள். அங்கேயும் ஆளில்லை. பதிலுக்குப் பிரசவ வார்டிலிருந்து ரெம்யா சிஸ்டர். இரண்டு வார்டுக்கும் அவர் ஒருத்தர்தான்.

“மோனே, லிஸி செய்யறது நீ கண்டதல்லே? எழுப்பிக் கேட்டு நம்பர் மட்டும் எழுதி வை. கொறஞ்சா ஓடி வந்து விளிக்கணும், கேட்டோ?”

“அப்ப நானும் டாக்டராயிட்டேன் சிஸ்டரே!”

சிரித்துக்கொண்டே ஓடினார்.

மச்சான் குறட்டை விட்டார். அப்படியொரு குறட்டை! எழுப்பினால் திட்டுவார் என்று விட்டுவிட்டேன். அதோடு நின்றேனா? போனில் அதைப் பதிந்து குடும்ப குரூப்பில் போட்டேன். அக்கா சிரிக்கிற ஸ்மைலி அனுப்பினாள்.

லிஸி சிஸ்டர் திரும்பி வந்தபோது வாசலிலேயே நின்றார். ஒரு கணம் காது கொடுத்தார். பிறகு ஓடி வந்தார்!

தூங்குகிறவரின் குறட்டை இல்லையாம் அது, நினைவு தப்பியவரின் குறட்டை... இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். ஒரு கண்ணின் பாவை மட்டும் விரிந்து கிடந்தது.

“ஆரா இது எழுதினே?”

தாளின் அடியில் ரெம்யா சிஸ்டரின் கையெழுத்து. இடையில் ஓடி வந்து, என்னை நம்பிப் போட்டது. உறவுக்காரன் கையில் சார்ட்டைக் கொடுத்தேன் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்? அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மூளையில் கட்டியிருந்த ரத்தத்தை எடுக்க ஆபரேஷன் நடந்தது. மச்சான் உயிரோடு இருக்கிறார். வலது கை எழவில்லை. அக்காவைப் பார்த்து யார் என்று கேட்கிறார்.

அக்கா புகார் கொடுத்தாள். வீட்டில் மலையாளம் எழுதத் தெரிந்தவன் நான்தான். ஆக, எழுதியவனும் நான்! போதிய நர்ஸ் இல்லை என்று எழுதினேன். பொய்யில்லை. ஆனால் அந்த உண்மைக்குப் பின்னால்தானே பதுங்கியிருக்கிறேன்?

திங்கட்கிழமை விசாரணை. ரெம்யா சிஸ்டருக்கு வேலை போய்விடும் என்கிறார்கள். கூடவே இருந்த சாட்சி என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

“பயப்படாம சொல்லுடா. அவளைச் சும்மா விட்றாதே” என்றாள் அக்கா, என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டே.

தலையாட்டினேன்.