செவ்வாயில் ஒரு வில்லேஜ் ஆபீஸ்

என் மகள் உண்டாக்கிய செவ்வாய்க் கிரகத்தில் ஒரு பேரரசர் இருந்தார். அவருக்குக் கீழே பன்னிரண்டு பிரபுக்கள், ஒரு ரகசியப் படை, கறுப்பு அங்கி போட்ட நீதிபதிகள். எல்லாவற்றையும் படமாக வரைந்து சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தாள். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, அங்கே ஒருவர் செத்துப்போனால் சர்டிபிகேட் யார் தருவார்கள் என்று கேட்டேன். அவள் பென்சிலை எடுத்து ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டாள்.

மகளுக்கு முப்பத்துநான்கு வயது. நெய்யாற்றின்கரையிலிருந்து தினமும் ரயிலேறி நகரத்தில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவள். ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளுடன் வேலை பார்க்கும் இரண்டு பேர் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லைப் பக்கம் கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ரோல் பிளேயிங் கேம் என்று சொல்லும் ஆட்டம். மகள் ஓர் உலகத்தை விவரிப்பாள். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, அந்த உலகத்தில் தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள ஒரு பகடை தீர்மானிக்கும். பேரரசரின் ஆட்சி நம்பும்படி இல்லை, யார் வேண்டுமானாலும் துப்பாக்கியோடு எங்கும் போய்விடுகிறார்கள் என்று நண்பர்கள் குறை சொன்னார்களாம். முப்பது வருடம் வில்லேஜ் ஆபீஸ்களில் கிளார்க்காக இருந்த நான் வீட்டிலேயே இருக்கும்போது அவள் வேறு எங்கே போவாள்?

ஒரு மாதம் உட்கார்ந்து எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோஷமாக எதையும் எழுதியதில்லை. பேரரசரை முதலில் வெட்டினேன். ராஜா யாரென்று ஜனங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்த ஜன்னலில் நிற்க வேண்டும், அங்கே இருப்பவர் எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார் என்பது தெரிந்திருக்கும். செவ்வாயில் கண்ணாடிக் கூரை போட்ட இரண்டு ஊர்களை வைத்தேன். வடக்குக் கூடு, தெற்குக் கூடு. ஒரு காலத்தில் ஒரே ஆட்சி. பிறகு பாஷையை வைத்துப் பிரித்தார்கள். ரேஷன் கார்டு மாதிரி அங்கே காற்று அட்டை. சில குடும்பங்கள் இரண்டு பக்கமும் அட்டை வைத்திருக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் கட்டிலை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு ஓடும். வடக்கில் காற்று குறைந்தால் தெற்கிலிருந்து முட்டைக்கோஸ் மூட்டைக்கு அடியில் சிலிண்டர் வரும். எங்கள் எல்லையில் அரிசிக்கு நடந்ததைக் காற்றுக்கு எழுதினேன், அவ்வளவுதான். நண்பர்கள் அதை என் கற்பனை என்று பாராட்டினார்கள்.

அவர்களில் ஒருவன் ஆட்டத்தில் மூன்று லேசர் பீரங்கி உள்ள கப்பலின் தலைவன். இன்சார்ஜ் ஆபீசர் செவ்வாய்க்கிழமை, வெள்ளிக்கிழமை மட்டும் வருவார், சீல் இருக்கும் அலமாரியின் சாவி கல்யாணத்துக்குப் போன பியூனிடம் இருக்கிறது என்று நான் எழுதி வைத்ததால், ஒரு முத்திரைக்காக அவன் இரண்டு ஞாயிறு காத்துக் கிடந்தான். அவனைப் பார்த்து எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இன்னொரு விதியும் எழுதினேன். மறு கூட்டின் பள்ளியில் படித்தவருக்கு, விசாரணை முடிந்த பிறகே குடியிருப்புச் சான்று. “இதாக்கும் அப்பா கவர்மெண்டு” என்றாள் மகள். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். அந்த விதி எங்கிருந்து வந்தது என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்பு எனக்கு இருபத்தாறு வயது. வேலையில் சேர்ந்து இரண்டு வருடம். எங்கள் வீட்டில் தமிழ்தான். நான் மலையாளப் பள்ளியில் படித்தேன். ஐந்து வயது இளையவளான என் தங்கை, வயல் வரப்பில் பத்து நிமிடம் நடந்தால் வரும் தமிழ்ப் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளி எல்லைக்கு அப்பால், தமிழ்நாட்டில் இருந்தது. அவளுக்கு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கேரளத்தில் பிறந்து வளர்ந்தவள் என்று ஒரு நேட்டிவிட்டி சர்டிபிகேட் வேண்டும். அந்த மனு என் மேசைக்குத்தான் வந்தது. நான் நீட்டியிருந்தால் ஆபீசர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

நான் நீட்டவில்லை. பக்கத்து மேசைக்காரர் என்னை விளையாட்டாகப் ‘பாண்டி’ என்று கூப்பிடுவார், தமிழனை அங்கே இளக்காரமாகச் சொல்லும் பெயர். நானும் சேர்ந்து சிரிப்பேன். எல்லைக்கு அப்பாலிருந்து வந்து பொய்ச் சான்றில் வேலை வாங்குகிறார்கள் என்ற பேச்சு பலமாக இருந்த சமயம். தமிழ்ப் பள்ளியில் படித்த சொந்தத் தங்கையின் மனுவை நானே நகர்த்தினால் அந்த விளையாட்டு வினையாகிவிடும் என்று பயந்தேன். மூலையில் ‘விசாரணை தேவை’ என்று எழுதி அடியில் வைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பாள். மேலே இருக்கிறது, ஆபீசர் கையெழுத்துப் போடவில்லை என்பேன். கடைசித் தேதி போயிற்று. அவள் உதியன்குளங்கரையில் ஒரு கடை வராந்தாவில் தையல் மெஷின் போட்டாள். நாற்பது வருடம் மிதித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் எங்கள் வீட்டுக்கு வருவாள், மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு. நாலைந்து வாரம் பார்த்துக்கொண்டிருந்தவள் தனக்கும் ஒரு வேடம் வேண்டும் என்றாள். விண்வெளி உடுப்புத் தைக்கிறவள் ஆனாள். கப்பல் தலைவனின் உடுப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு, அந்தத் துணியில் ஒற்றைத் தையல் நிற்காது மக்கா, குனிந்தால் கிழியும் என்று அவனை மிரட்டினாள். அவனும் பயந்து இரட்டைத் தையல் போடச் சொன்னான்.

பிறகு அவளுடைய தையல்காரிக்கு வடக்குக் கூட்டில் வாத்தியாராக வேண்டும் என்று தோன்றிவிட்டது. படித்தது தெற்கில். சான்று வேண்டும். ஜன்னலில் இருக்கும் கிளார்க்கின் குரல் அப்பாவுக்குத்தான் வரும் என்று மகள் என்னை உட்கார்த்தினாள். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் சொல்லத்தக்க காரணம் இல்லை.

“சாரே, எனக்க கடலாசு என்னாச்சு?” என்று தங்கை தன் மனுவைப் பற்றிக் கேட்டாள்.

“விசாரணை உண்டு. அடுத்த வாரம் வா.”

“அடுத்த வாரமும் இதத்தான் சொல்லும். டேப் ரிக்கார்டர வச்சிட்டு சாரு வீட்டுக்குப் போவலாமே.”

எல்லாரும் சிரித்தார்கள். அவள் நண்பர்கள் பக்கம் திரும்பினாள். “சிரிக்காதிங்க மக்களே. எனக்கும் இப்பிடி ஒண்ணு நடந்தது உண்டு. மேல இருந்தவன் ஒப்பு போடல்ல. எனக்குவேண்டி எங்க அண்ணன் எவ்வளவு நடந்தாரு தெரியுமா?”

நாற்பத்தைந்து வருடமாக அவள் அப்படித்தான் நம்பியிருக்கிறாள். ஊரில் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

“மேல யாரும் ஒண்ணும் செய்யல்ல. அது எனக்க மேசையில இருந்தது. நான்தான் வச்சிருந்தேன்” என்றேன்.

ஆட்டத்தில்தான் பேசுகிறேன் என்று நினைத்துத் தங்கை என் மகளைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“எத்தன நாளு?”

“தேதி கழியிற வரைக்கும்.”

கழுவாத பாத்திரத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தாள். மகள் அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்து, மேசையிலிருந்த தாள்களை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இரண்டு ஞாயிறு தங்கை வரவில்லை. போனை எடுத்து எடுத்து வைத்தேன். என்ன சொல்ல? இனி அவள் வராமலே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வாரம் தங்கை என் மகளைப் போனில் கூப்பிட்டு, அந்தக் கவர்மெண்டில் ஒரு கோளாறு இருக்கிறது என்றாளாம். கிளார்க்கைப் பற்றிப் புகார் சொல்ல அங்கே இடமே இல்லை. உண்மைதான். இத்தனையும் எழுதிய நான் அதை எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள், என் நாற்காலியில் உட்கார்ந்தாள், அப்பீல் ஆபீசர் தான்தான் என்றாள். கிளார்க் எழுத்துமூலம் விளக்கம் தர வேண்டும்.

விதிகளைச் சொல்லி ஒரு பக்கம் எழுதினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள். காரணம் கேட்டால் காரணம் எழுத வேண்டும் என்றாள். இரண்டாவது தாளில் இரண்டு வரிதான் எழுதினேன்: என்னைப் பாண்டி என்று சொல்லிவிடுவார்கள் என்று பயந்தேன். அதற்காக அவளை விட்டுவிட்டேன்.

அதை வாங்கிப் படித்தாள். “என்னையும் அதத்தான் விளிச்சாவ அண்ணா. மெஷின்ல இருந்த காலம் முழுக்க. நான் எங்க போயி ஒளிய?”

தாளை மடித்துத் தன் பையில் வைத்தாள். பிறகு உத்தரவு சொன்னாள். கிளார்க்குக்கு இனி ஜன்னலுக்கு உள்ளே இடமில்லை. வெளியே வரிசையில் நிற்கிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களோடு நின்று கேட்கவும் வேண்டும். எவ்வளவு காலம் என்று மகள் கேட்டாள்.

“வேற ஆளுன்னா ஒரு வருசம் போட்டுவிடுவேன். இது எனக்க அண்ணனாக்கும். கூட்டித்தான் போடணும்.”

அன்றைக்கு மீன்கறி கொண்டுவரவில்லை. ஆனால் மகள் போட்ட சாயாவைக் குடித்தாள், ஐந்தரை பஸ் வரைக்கும் இருந்தாள்.