மிதவையில் இருந்த கூழைக்கடா

அறுபத்திரண்டு வயதுக்குள் ராடோய்ட்சா மூன்று பேரோடு பேச்சை முறித்துக்கொண்டவர்: உடன்பிறந்த தம்பி, ஊர்ப் பாதிரியார், ஏரியின் அல்பேனியக் கரையில் இருக்கும் பிரெங்க். முதல் இருவரோடு முறித்தது முறித்ததுதான். பிரெங்கோடு மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை முறித்துக்கொண்டு, பிறகு சேர்ந்துகொள்வார். எல்லாம் கூழைக்கடாவால் வந்த வினை.

இளவயதில் அவர் மீனவர். வலையைக் கிழிக்கிறது என்று அந்தப் பறவையைச் சுட்டவர்தான். பிறகு அதே பறவைகளைக் காக்கும் காவல் படகை ஓட்டும் வேலை கிடைத்தது. பாசமும் சம்பளத்தோடு சேர்ந்தே வந்தது என்பதை அவர் மறைத்ததில்லை. அல்பேனியக் கரையில் பிரெங்குக்கும் அதே வேலை.

ஏரி இரண்டு நாடுகளுக்கும் பொது. எல்லை எது என்று பறவைக்குத் தெரியாது. அதனால் இரு நாடுகளும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன: மே மாதத்தில் ஒரே நாள், ஒரே காலையில், இரு தரப்பும் எண்ண வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதை இவர் எழுத வேண்டும், அந்தப் பக்கம் இருப்பதை அவர் எழுத வேண்டும். படிவத்தை உறையிலிட்டு ஒட்டிக் கொடுக்கும்வரை இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது.

கோடு என்பது தண்ணீரில் வரிசையாகக் கட்டிய மிதவைகள். பாழாய்ப்போன பறவைகளுக்கு அந்த மிதவைகள் என்றால் கொள்ளை ஆசை. மிதவையில் உட்கார்ந்ததையெல்லாம் பத்தொன்பது வருஷமாக இருவருமே தங்களுடையதாக எழுதினார்கள்.

போன வருஷக் கூட்டத்தில் இரு நாட்டுக் கூட்டு அலுவலகத்து அதிகாரி லியுபிட்சா எல்லோர் முன்னாலும் வைத்துக் கேட்டாள். "இருக்கறதே பதினொண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து பதினேழுன்னு எழுதியிருக்கீங்க. இனி உங்க எண்ணிக்கையை யாருங்க நம்புவா?"

அந்தக் குளிர்காலத்தில் பறவைகளுக்கு நோய் வந்தது. வசந்தத்தில் நாணல் திட்டுகள் வெறிச்சோடிக் கிடந்தன. இரண்டு படிவங்களிலும் ஒன்றுகூட இல்லையென்றால் ஏரி பாதுகாப்புப் பட்டியலிலிருந்து போய்விடும். காவல் போய்விடும். ஹோட்டல்காரர்களின் விசைப்படகுகள் நாணலுக்குள் புகுந்துவிடும்.

எண்ணும் நாளில் ராடோய்ட்சா மனைவி ஸ்தானாவோடு ஏரியெல்லாம் சுற்றினார். மூன்றாவது மிதவையின் நடுவில் ஒரே ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. ராடோய்ட்சா பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார்.

"எழுதலையா?" என்றாள் ஸ்தானா.

"பிரெங்க் எழுதிக்கட்டும். மிதவையில உக்கார்றதை விட்டா அவன் பக்கம் ரெண்டு வருஷமா ஒண்ணுமில்ல. பொண்டாட்டியும் போயிட்டா. பாவம், அந்தப் படகு ஒண்ணுதான் அவனுக்கு மிச்சம்."

"பேசறது நீங்கதானா? அவரும் விட்டுட்டா?"

"அவனா? மிதவையில எச்சம் கிடந்தாலே ஒரு பறவைன்னு எழுதறவன். விடவே மாட்டான்."

படிவத்தில் பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டார். வாழ்நாளில் தான் செய்த ஒரே பெருந்தன்மை என்று அன்று சாப்பாட்டின்போது இரண்டு முறை சொல்லிக்கொண்டார்.

பத்து நாள் கழித்துக் கூட்டத்தில் லியுபிட்சா உறைகளைப் பிரித்தாள். இந்தப் பக்கம் பூஜ்யம். அந்தப் பக்கமும் பூஜ்யம்.

ராடோய்ட்சா பிரெங்க் பக்கம் திரும்பினார். "யோவ், மூணாவது மிதவையில இருந்துச்சே. நீ பார்க்கலையா?"

"பார்த்தேன்" என்றார் பிரெங்க். முகம் வெளுத்திருந்தது. "நீ எழுதாம விடுவேன்னு நான் கனவா கண்டேன்? போன வருஷம் பட்ட அவமானமே போதும், ஒரு தடவையாவது சண்டை இல்லாம போகட்டும்னு விட்டேன்."

இருவரும் லியுபிட்சாவிடம் மன்றாடினார்கள். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "அன்னிக்கு இல்லாததை எழுதினீங்க. இன்னிக்கு இருந்ததை எழுதலைங்கறீங்க. நான் எதை மேல அனுப்பறது?"

ஆனாலும் இரக்கக்காரி. மறுநாள் அவளே படகில் வந்து பார்த்தாள். மிதவையில் எச்சம் மட்டும் காய்ந்து கிடந்தது. படிவங்கள் எழுதியபடியே மேலே போயின.

ஆகஸ்டில் இரண்டு காவல் படகுகளையும் கரையேற்றிவிட்டார்கள். அன்று பிரெங்க் எல்லைச் சாவடி வழியாக நடந்தே வந்திருந்தார். தூரத்தில், நாணல் பக்கம், விசைப்படகு ஒன்று உறுமிக்கொண்டிருந்தது.

"இருபது வருஷத்துல நம்ம எண்ணிக்கை ஒத்துப்போனது இந்த வருஷம்தான்" என்றார் பிரெங்க்.

ராடோய்ட்சாவுக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. பிரெங்கின் தோளைப் பிடித்தவர், அப்படியே அதில் சாய்ந்து அழுதார்.