கரு தங்கவில்லை என்று சொன்னேன்

போன வாரம் ஒரு காலை. ஏரிக்கரையில் நின்று போனில் கத்திக்கொண்டிருந்தேன். கத்தத்தான் வேண்டும். திண்டிவனத்துக்கு வெளியே நான் தினமும் நடக்கிற அந்தக் கரையில், மதகுக்குப் பக்கத்தில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் அரைகுறையாக.

மறுமுனையில் பத்திரிகை ஆசிரியர். "இந்த வாரம் என்ன சார்?" என்றார். வாரா வாரம் கேட்பதுதான்.

"மூணு வாரமா கரு தங்கவே மாட்டேங்குது சார்... உண்டாகுது, நாலாம் நாளே கலைஞ்சிடுது. அலுத்துப்போச்சு."

நான் சொன்னது கதைக்கான கருவை. எழுதுகிறவர்கள் எல்லோரும் புழங்குகிற சொல்தானே?

நடந்தால் கற்பனை ஊறும் என்று இதே பக்கத்தில் எப்போதோ உங்களுக்கு அட்வைஸ் செய்தவன் நான். நம்பி நடந்தவர்கள் மன்னிக்கவும். இப்போதெல்லாம் நடந்தால் முட்டி வலிக்கிறது, அவ்வளவுதான். அதே கரை, அதே வேலிகாத்தான் முள், எதிரே அதே முகங்கள். பார்த்ததையே பார்த்து, எழுதியதையே எழுதி... எத்தனை வருஷம்தான் ஓட்டுவது?

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், பின்னால் ஒருவர் நிற்கிறார். தோளில் மண்வெட்டி. ஏரிக்குக் கீழே மல்லாட்டை போட்டிருப்பவர். மல்லாட்டை என்றால் உங்கள் ஊர் வேர்க்கடலை. அவர் பெயரை ஏழுமலை என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் தலையசைப்போம், அதற்கு மேல் பழக்கமில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க சார். போன்ல பேசிக்கினு இருந்தீங்க, கரு தங்கலன்னு மட்டும் காதுல வுழுந்துச்சி. பொண்ணுக்கா, மருமகளுக்கா?"

என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு மதகுக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"என் பொண்ணுக்கும் அதான் சார். விழுப்புரத்துல குடுத்திருக்கேன். ரெண்டு தபா தங்கல. இப்ப மூணாவது, அஞ்சு மாசம். படுத்தே இருக்கணும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க."

குறுக்கிட்டிருக்க வேண்டும். அவர் பேசிக்கொண்டே போனார்.

"போன தபா ஆஸ்பத்திரில ஆம்பளைக்கு என்னா தெரியும்னு என்ன வெளியவே நிக்க வச்சிட்டாங்க. எளநீ வாங்கிக்கினு போனேன். யாரும் குடிக்கல. அப்டியே திரும்ப எடுத்துக்கினு வந்துட்டேன். பொம்பளைங்க அவங்களுக்குள்ள சொல்லி அழுதுக்குறாங்க. நாம யார்கிட்ட சொல்றது, சொல்லுங்க? தெனம் காலையில போன் போடுவேன். 'ம், நல்லாக்கீறேன்பா'ன்னு வச்சிடும். அந்த 'ம்' வர்ற வரைக்கும் மோட்டார் போடவே கை வராது சார்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த ஆளிடம் போய், "நான் கதையைச் சொன்னேங்க" என்று எப்படிச் சொல்வது? சொல்லாததற்கு இரக்கம் பாதிக் காரணம். மீதிப் பாதியை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன் — மூன்று வாரமாகத் தேடிய கதை எதிரே உட்கார்ந்திருந்தது. அன்று சாயங்காலமே நோட்டில் நாலு பக்கம் எழுதிவிட்டேன். இளநீர் உட்பட.

அடுத்த நான்கு நாளும் அவர் என்னை நிறுத்தி, "பொண்ணு எப்டி கீது சார்?" என்று கேட்டார். "பரவாயில்லைங்க" என்றேன். எனக்குப் பெண்ணே கிடையாது. இருப்பது ஒரு பையன், அவனுக்கும் இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

ஐந்தாம் நாள் சட்டைப் பையிலிருந்து விபூதி மடித்த ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"மயிலம் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன் சார். ரெண்டு பொண்ணுக்கும் சேத்து அர்ச்சனை. ஒங்க பொண்ணு பேரு, நட்சத்திரம் தெரியல. 'சார் பொண்ணு'ன்னு சொன்னேன். ஐயரு மொறைச்சாரு... ஆனா செஞ்சிட்டாரு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எழுதுகிறவன், எனக்குப் பெண் இல்லை, அன்று போனில் சொன்னது கதையை...

மண்வெட்டியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டே கேட்டார்.

"கதைக்குக்கூடவா சார் கருன்னு சொல்வாங்க?"

"சொல்வாங்க."

"தங்கலன்னா?"

"வேற கதை எழுதுவோம்."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எனக்கே சுட்டது. இத்தனை வருஷத்தில் எத்தனை 'கரு' கலைந்துவிட்டது என்று மேடையில் ஜோக்காகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்! அந்தச் சொல்லை யாரிடமிருந்து எடுத்தோம் என்று ஒருநாளாவது யோசித்திருப்பேனா? வெட்கமாக இருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"அப்ப ஒங்க வூட்டுல யாருக்கும் ஒண்ணும் ஆவல?"

"இல்லைங்க."

"நல்லதாப் போச்சு, வுடுங்க. நாலு நாளா அந்தப் பொண்ண நெனச்சும் பேஜாரா இருந்துச்சி."

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "வச்சிக்கோங்க சார், அந்தக் கதைக்குப் பூசுங்க" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நாலு எட்டு நடந்தவர், நின்றார்.

"நா சொன்னத எழுதுவீங்களா?"

நோட்டில் இருக்கும் நாலு பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

"கிழிக்காதீங்க. வூட்டுலகூட சொல்லாததக் கேட்டுக்கினு ஒக்காந்திருந்தீங்க இல்ல? எழுதுறதுன்னா எழுதுங்க. எங்க ஊரு பேரு வேணாம், பொண்ணு பேரு வேணாம். முடிவு மட்டும் போட்டுடாதீங்க சார். மொதல்ல புள்ள பொறக்கட்டும்."

போடவில்லை.