நான் படாத பாடு

நானும் என் தம்பியும் குடிகாரர்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டுவது என் வேலை. தம்பி விஸ்வநத்தத்தில் குடியிருந்தான். ஆனைக்குட்டம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை கூலி வாங்கியதும் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குடிப்போம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவோம்.

பன்னிரண்டு வருடம் குடித்த நான் ஒரு நாள் நிறுத்தினேன். எப்படி நிறுத்தினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வேலை முடிந்து பைக்கில் வந்தவன், கடைக்குத் திரும்புகிற முக்கில் திரும்பாமல் நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். மனைவி தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். "என்ன, உடம்புக்கு முடியலையா?" என்றாள். மறுநாளும் போகத் தோன்றவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. கை நடுங்கவில்லை, தூக்கம் கெடவில்லை. முழங்கால் போட்டு ஒரு ஜெபம்கூடப் பண்ணியிருக்கவில்லை. ஆசை தானாகப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு மாதம் கழித்துச் சபையில் எழுப்புதல் கூட்டம் நடந்தது. என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, "கர்த்தரோட கிருபையால குடியை விட்டேன்" என்றேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் எதிரே இருந்த முகங்கள் இன்னும் எதையோ எதிர்பார்த்தன. ஆகவே சொன்னேன்: நாற்பது நாள் உபவாசம் இருந்தேன், அதிகாலையில் எழுந்து முழங்காலில் நின்றேன், பாட்டிலைத் தேடின கையைச் சுவரில் மோதிக்கொண்டேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். என் மனைவி மட்டும் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

தம்பி அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். மறுநாள் டீ நேரத்தில் அச்சக வாசலுக்கு வந்துவிட்டான்.

"அண்ணே, நாப்பது நாளா இருந்தீக?"

"ஆமாலே."

"எனக்குத் தெரியாம எப்பண்ணே இருந்தீக?"

"எல்லாத்தையும் தண்டோராப் போட்டுக்கிட்டா செய்வாக? மனசு வச்சா முடியும்லே. நீ மனசு வைக்க மாட்டேங்கே."

அவன் அதை நம்பினான். அன்றே ஆரம்பித்துவிட்டான். வெறும் வயிற்றோடு வேலைக்குப் போனான். விடியுமுன் எழுந்து முழங்கால் போட்டான். பதினோராவது நாள் குடித்துவிட்டான். என்னிடம் வந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். அடுத்த வருடம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில் மறுபடி ஆரம்பித்தான். அந்தத் தடவை இருபத்துமூன்று நாள். பிறகு பண்டிகை சீசனில் ஒரு தடவை. ஒவ்வொரு தடவை விழும்போதும் என்னிடம்தான் வருவான். நானும் அதே பதிலைத்தான் சொல்வேன்.

இதற்குள் என்னைச் சபைக் கமிட்டியில் சேர்த்திருந்தார்கள். ஆராதனை நேரத்தில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே நடைபாதையில் நிற்பேன். மைக்கில் சொன்ன கதையை நாலைந்து கூட்டங்களில் சொல்லிச் சொல்லி, அது நடந்ததாகவே எனக்கு ஆகிவிட்டது. குடிக்கிறவர்களைக் கண்டால் அருவருப்பு வந்தது. தம்பியோடு ஒரே பெஞ்சில் உட்காருவதை நிறுத்தினேன். அந்த அருவருப்பைப் பரிசுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திருவிருந்து ஞாயிறு; பீடத்தின் முன் முழங்கால் போட்டு அப்பமும் ரசமும் வாங்குகிற நாள். ஒவ்வொரு வரிசையாக எழுப்பி முன்னே அனுப்புவது என் பொறுப்பு. தம்பி வரிசையில் வந்தான். கண் சிவந்திருந்தது. முகமெல்லாம் வேர்த்திருந்தது. கூப்பிய கை கிடுகிடுவென்று ஆடியது. ஒரு அடி தள்ளாடிப் பெஞ்சைப் பிடித்துக்கொண்டான். நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"இப்படியே போய் அங்கன முழங்கால் போடப் போறியா? வெளிய போலே."

அவன் என்னைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்னால் ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் மனைவி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து பின்னாலேயே போனாள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. நான் அடுத்த வரிசையை எழுப்பினேன்.

இரண்டு வாரம் அவன் என்னிடம் வரவில்லை. நானும் போகவில்லை.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். மிஷினில் காகிதக் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது. எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு எல்லாரும் ஒரு நிமிடம் கையை நிறுத்துவோம். பிறகு போன் போட ஆரம்பிப்போம். தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து பிடித்ததாகவும், சுவர் சாய்ந்து இவன் அறைக்குள் தீ புகுந்ததாகவும் பிறகு சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் தீக்காய வார்டுக்கு வெளியே அவன் மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். எனக்கு முதலில் வாயில் வந்த கேள்வியை எழுதவே கை கூசுகிறது.

"குடிச்சிருந்தானா?"

அவள் மெதுவாகத் தலையைத் தூக்கினாள்.

"இன்னையோட இருபது நாளாச்சு அத்தான், அவுக அதைத் தொட்டு. நீங்க கோயில்ல வெளிய அனுப்புனீகளே, அன்னைக்கு நாலாவது நாளு. திடீர்னு நிப்பாட்டுனா அப்படித்தான் கை ஆடுமாம், காய்ச்ச அடிக்குமாம். ராத்திரி பூரா உதறல். விடிஞ்சதும், 'எந்திரிச்சு கோயிலுக்குப் போயிட்டா நின்னுருவேன்'னு சொல்லித்தான் சட்டை மாட்டுனாக. நாந்தான் பட்டன் போட்டுவிட்டேன்."

எனக்கு நடுக்கமே வந்ததில்லை. அதனால் நடுங்குகிற கை எதைச் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அவள் இன்னும் சொன்னாள். கடை வழியாக வரக்கூடாதென்று, வேலை முடிந்து ஊரைச் சுற்றி ஆறேழு கிலோமீட்டர் அதிகமாக சைக்கிள் மிதித்துத்தான் தினமும் வீட்டுக்கு வருவானாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் அவன் குடிக்கவில்லையாம். வீட்டுக் கதவைப் பூட்டச் சொல்லி, சாவியை அவளிடமே கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தானாம்.

இரண்டாவது நாள் என்னை உள்ளே விட்டார்கள். பாதி முகத்திலும் கைகளிலும் கட்டுப் போட்டிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"வாங்கண்ணே. சாப்பிட்டீகளா?"

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அன்று அவனிடம் மறைக்க எனக்கு எதுவும் இல்லாமல் போயிருந்தது. சாட்சி சொன்னது பொய் என்றேன். நாற்பது நாளும் இல்லை, உபவாசமும் இல்லை, சுவரில் மோதினதும் இல்லை. ஒரு நாள் ஆசை போய்விட்டது, நான் எதுவும் செய்யவில்லை என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"சும்மாவா போச்சு?"

"சும்மாதான்லே."

"எனக்கு அப்படிக் கொடுக்கலையேண்ணே. எம்புட்டுக் கேட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "அப்போ நான் பட்ட பாடெல்லாம் வீணா?"

இல்லைலே, இல்லைலே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவனைத் தொடக்கூட எங்கே தொடுவதென்று தெரியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். மறுநாள் மத்தியானம் தம்பி போய்ச் சேர்ந்தான்.

அடக்கம் முடிந்து ஒரு வாரம் கழித்துப் போதகரைப் பார்க்கப் போனேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், எங்கள் சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கமிட்டியிலிருந்து என்னை எடுத்துவிடச் சொன்னேன். நடந்ததெல்லாம் சொல்லி, தம்பி கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். உங்களுக்கு ஆசை போனது கிருபை. ஆனா அவர் விழுந்து விழுந்து எந்திரிச்சாரே, அந்த எந்திரிக்கிற பலம் எங்கயிருந்து வந்தது? அதுவும் கிருபைதான். உங்களுக்கு மொத்தமா ஒரே நாள்ல வந்துச்சு. அவருக்கு அன்னன்னைக்கு வந்துச்சு. அவர் பட்ட பாட்டுக்குள்ளதான் ஆண்டவர் இருந்தார். கைநடுக்கத்தோட திருவிருந்துக்கு வந்த மனுஷன் அன்னைக்கு நம்ம கோயில்ல இருந்த எல்லாரையும்விட—" என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

அந்தப் பதில் எனக்கு ஒன்பது நாள் தாமதமாகக் கிடைத்தது. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தபோது கிடைத்திருந்தால் அவன் காதில் போட்டிருப்பேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்று, கூட்டத்தில் நான் சொன்ன சாட்சி பொய் என்று சபைக்கு முன் சொன்னேன். அழவில்லை, அலங்காரமாகவும் எதுவும் சொல்லவில்லை. வெளியே வந்தபோது ஒருவர், "இதையெல்லாம் இப்படி எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்று கடிந்துகொண்டார். என் மனைவி அன்று என் பக்கத்தில் நடந்து வந்தாள்.

குடி ஆசை எனக்குத் திரும்ப வரவே இல்லை. ஆனால் அடுத்தவனை மட்டமாகப் பார்க்கிற புத்தி தானாகப் போகவில்லை. அச்சகத்தில் ஒருவன் குடித்த வாடையோடு வந்து நின்றால் என் முகம் இன்னும் சுளிக்கிறது. பிறகு வலுக்கட்டாயமாக அதைச் சரிசெய்துகொண்டு அவனிடம் பேசுகிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடிவதில்லை.

போதகர் சொன்னதைத் தம்பி மனைவியிடம் போய்ச் சொன்னேன். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் சொல்லியிருக்காக. அவுக கேட்டுட்டுப் போயிருக்கலாம்."

"என்னை மன்னிச்சிரும்மா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "மன்னிச்சிட்டேன்னு வாய்ல சொல்லிருவேன் அத்தான். அது பொய்யாயிரும். தினம் காலைல எந்திரிச்சதும் ஆண்டவர்ட்ட அதைத்தான் கேக்கேன். இன்னும் வரல."

சரிம்மா என்றேன். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினேன்.